நியமிக்கும் கையும் நீட்டிக்கும் கையும்

மாநாட்டுத் தலைமை என்பது தகைமை ஆராயப்படாமலும் போட்டிப் பரீட்சை நடத்தப்படாமலும் மாநாட்டு நாள்களுக்கு மட்டும் வழங்கப்படும் ஒரு தற்காலிக நியமனம். ஆகவே நியாய மன்றுகளுக்குத் தகைமையுடைய உறுப்பினரை நியமித்தல் பற்றியும் நீதிமன்றங்களுக்குத் தற்காலிக நீதிபதிகளை நியமித்தல் பற்றியும் ஆராயக் கண்டி மாநகரில் கூடியுள்ள இவ்வரங்கில் அப்பொறுப்பை ஏற்பவர், தாம் குறைகூறப்போகும் நிலையிலேயே தாமும் அமர்ந்திருப்பதை உணர்ந்து பேசவேண்டியவராகிறார். அளிக்கப்பட்ட பெருமைக்கு நன்றி உரியது. அதனுடன் வரும் தயக்கத்தையும் மறைப்பதற்கில்லை, ஏனெனில் இத்துறையில் நெடுங்காலம் உழைத்தோர் முன்வரிசையில் இருக்க, அவர்களுட் சிலர் கண்ட முடிவுகளோடு இவ்வுரை உடன்படப்போவதில்லை.

மாநாட்டின் அறிவிக்கப்பட்ட பொருளின் அடிப்படைகளை அவையோர் அறிவர். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 2022இல் நிறைவேறிய 21ஆம் திருத்தத்துக்குப் பின் உள்ள வடிவில், உயர் நீதிமன்றத்துக்கும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் நீதிபதிகளை அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன் சனாதிபதி நியமிக்கவும், மேல் நீதிமன்ற நீதிபதிகளை நீதிச்சேவை ஆணைக்குழுவின் விதப்புரையின் பேரில் அவரே நியமிக்கவும், அதற்குக் கீழுள்ள நீதித்துறை அலுவலரை அவ்வாணைக்குழு தானே நியமிக்கவும் வகை செய்கிறது. தற்காலிகப் பதவிகளுக்கும் அதில் இடமுண்டு: மேல்நிலை நீதிபதி ஒருவர் சிறிது காலம் கடமையாற்ற இயலாதபோது பதில் நியமனம் செய்ய 109ஆம் உறுப்புரையும், மேல் நீதிமன்ற நீதிபதிகளின் எண்ணிக்கையைத் தற்காலிகமாகக் கூட்ட ‘மேல் நீதிமன்ற ஆணையாளர்’ என்ற பதவியை அளிக்கும் 111அ உறுப்புரையும் உள்ளன. பேரவையின் பட்டியலில் அடங்கிய பதவிகளுக்கான பதில் நியமனம் 14 நாள்களுக்கு மேற்படுமாயின் பேரவையின் அங்கீகாரம் வேண்டும் என்பதும் தெரிந்ததே. இவற்றைத் தொகுத்துரைக்கும் பணியை அமர்வுக் கட்டுரைகள் செவ்வனே செய்யும் என்பதால், இவ்வுரை அவற்றுக்கு அடியில் கிடக்கும் ஒரு வினாவை நாடுகிறது. இலங்கைச் சட்டம் அறுபது ஆண்டுகளாக ‘நியமித்தது யாருடைய கை’ என்று மட்டுமே கேட்டுவந்தது போதுமா என்பதே அவ்வினா.

இந்நாட்டின் நியமன வழக்குகளுள் உலகறிந்தது, 1964ஆம் ஆண்டு மே மாதம் கோமறைக் கழகம் தீர்த்த இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க வழக்காகும். பிரிவி கவுன்சில் என்றும் வழங்கும் கோமறைக் கழகம், 1971 வரை இலங்கை வழக்குகளின் இறுதி மேன்முறையீடுகளை இலண்டனில் இருந்து கேட்ட மன்று. 1958ஆம் ஆண்டின் இலஞ்சத் திருத்தச் சட்டம், நீதி அமைச்சரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமிக்கும் குழாமொன்றிலிருந்து மூவரைக் கொண்டு இலஞ்ச நியாய மன்றுகளை அமைக்க இடமளித்தது. ஆனால் அப்போது நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 55ஆம் பிரிவு, நீதித்துறை அலுவலரை நியமிக்கும் அதிகாரத்தை நீதிச்சேவை ஆணைக்குழுவிடம் ஒப்படைத்திருந்தது. அதை மாற்ற மூன்றிலிரண்டு பெரும்பான்மையும் அதற்குச் சபாநாயகரின் அத்தாட்சியும் வேண்டியிருந்தன. அத்தாட்சி பெறப்படாமையால் மன்றின் உறுப்பினர் சட்டப்படி நியமிக்கப்படாதவர்கள் என்றும், அவர்கள் அளித்த தண்டனை வலிதற்றது என்றும் முடிவாயிற்று.

இத்தீர்ப்பு உலகப் பாடநூல்களில் இடம்பெற்றது பெருமைக்குரியதே எனினும், பாராளுமன்றம் தன்னைக் கட்டுப்படுத்தும் நடைமுறையை மீற முடியுமா என்ற வினாவுக்கான மேற்கோளாகவே அது அங்கு வாழ்கிறது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான சேர் ஐவர் ஜெனிங்ஸ், சோல்பரி அரசியலமைப்பு உருவானபோது டி. எஸ். சேனநாயக்கவுக்கு ஆலோசகராக இருந்தவர். பேராதனையில் அவர் விட்டுச்சென்ற மரபில் வளர்ந்த ஆய்வாளர்கள், பாராளுமன்றத்தின் அதிகார எல்லையையே முதன்மை வினாவாகக் கொண்டதில் வியப்பில்லை. ஆயினும் அவ்வாறு வாசித்ததில் வழக்கின் கரு அதன் பின்னணியாகச் சுருங்கிவிட்டது. ஒரு குடிமகனைச் சிறைக்கு அனுப்பவல்ல மூவர் எப்படி அவ்விருக்கைக்கு வந்தார்கள் என்பதே அவ்வழக்கின் கரு. நியமித்த கை தவறானது என்ற விடை வழக்கைத் தீர்க்கப் போதுமாயிருந்ததால், குழாமிலிருந்து குறித்த வழக்குக்குக் குறித்த மூவரைப் பொறுக்கும் கையைப் பற்றிய சிந்தனை வளராமற் போயிற்று.

அவ்வினாவை எழுப்பிய இலங்கை மூலம் ஒன்று உண்டு. அது போதிய அளவு படிக்கப்படுவதில்லை என்பதே இவ்வுரையின் முதன்மை முறைப்பாடு. 1962ஆம் ஆண்டு சனவரி மாத அரசுக்கவிழ்ப்பு முயற்சியின் பின் இயற்றப்பட்ட குற்றவியற் சட்ட விசேட ஏற்பாடுகள் சட்டம், யூரிகள் இன்றி உயர் நீதிமன்ற நீதிபதிகள் மூவர் அவ்வழக்கை விசாரிக்கவும் அம்மூவரை நீதி அமைச்சர் பெயர்குறிக்கவும் வழிசெய்தது. அம்முயற்சியிலிருந்து எழுந்த லியனகே வழக்கு என்றால் மாணவர்கள் 1965ஆம் ஆண்டின் கோமறைக் கழகத் தீர்ப்பையே எடுத்துரைப்பர். அதற்கு மூன்றாண்டுகள் முன்னதாக, அமைச்சர் பெயர்குறித்த நீதிபதிகளான ரி. எஸ். பெர்னாண்டோ, எல். பி. டி சில்வா, பி. ஸ்ரீ ஸ்கந்தராஜா ஆகியோர், தம்மைப் பெயர்குறித்த முறையே அரசியலமைப்புக்கு முரணானது என்றும் ஆதலால் தமக்கு அவ்வழக்கை விசாரிக்க நியாயாதிக்கம் இல்லை என்றும் கட்டளையிட்டனர். நியாயாதிக்கம் என்பது வழக்கைக் கேட்டுத் தீர்க்கும் சட்ட வல்லமை. புதிய சட்ட அறிக்கைகளின் 64ஆம் தொகுதியில் கிடக்கும் அக்கட்டளை, பின்வந்த பெருந்தீர்ப்பின் முன்னுரையாக மட்டும் கருதப்பட்டுவருகிறது.

அக்கட்டளையின் சிறப்பு வேறு. அம்மூவரும் நிரந்தர நீதிபதிகள். அவர்களது தகைமையில் எவருக்கும் ஐயமில்லை. அவர்களை உயர் நீதிமன்றத்துக்கு நியமித்த முறையிலும் பிழை கூறப்படவில்லை. இவ்வளவும் சரியாக இருந்தும், ஒரு வழக்குக்கென அவர்களைப் பொறுக்கிய கை நிறைவேற்றுத் துறையின் கையாக இருந்தமையால் மன்று பழுதுபட்டது. ஒரு வழக்குக்கெனப் பொறுக்கப்படுபவர், அவர் எவ்வளவு நிரந்தரமானவராயினும், அவ்வழக்கைப் பொறுத்தவரை தற்காலிக நீதிபதியே என்ற கருத்து அக்கட்டளையின் உள்ளீடு. பின்னர் சட்டம் திருத்தப்பட்டுப் பெயர்குறிக்கும் அதிகாரம் பிரதம நீதியரசருக்கு மாற்றப்பட்டது. கை மாறியதோடு சிந்தனையும் நின்றுவிட்டது.

மூன்றாவது வழக்கு மலையகத்துக்கு நெருங்கியது. கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு 1957இல் செய்யப்பட்ட திருத்தம் தொழில் நியாய மன்றுகளை உருவாக்கி, வேலைநீக்கப்பட்ட தொழிலாளியோ அவர் சார்பில் தொழிற்சங்கமோ நிவாரணம் கோரி அங்கு விண்ணப்பிக்க வழிசெய்தது. வேலை போனால் லயன் அறையும் போகக்கூடிய கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில் அம்மன்றின் தலைவர், குடும்பம் ஒன்று எங்கே உறங்கும் என்பதைத் தீர்மானிப்பவராகவே பார்க்கப்பட்டார். நீதிச்சேவை ஆணைக்குழுவால் நியமிக்கப்படாத அத்தலைவர் நீதித்துறை அலுவலரா என்ற வினா, ஐக்கிய பொறியியல் தொழிலாளர் சங்கம் எதிர் தேவநாயகம் வழக்கில் 1967இல் கோமறைக் கழகத்தை அடைந்தது. ஒப்பந்தத்துக்கு அப்பாலும் நீதியும் ஒப்புரவுமான கட்டளையை அவர் வழங்கலாம் என்பதால் அவர் வகிப்பது நீதிப்பதவி அன்று எனப் பெரும்பான்மை மூவர் கூற, கெஸ்ட் பிரபுவும் டெவ்லின் பிரபுவும் மாறுபட்டனர். நிவாரணம் விரிந்தமையால் அதை வழங்குபவரின் தொழில் மாறிவிடாது என்பதே அச்சிறுபான்மைத் தீர்ப்பின் சாரம்.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, தன் 170ஆம் உறுப்புரையில், தொழிற் பிணக்கையோ வேறு பிணக்கையோ தீர்க்கும் மன்றுகளின் உறுப்பினரையும் ‘நீதித்துறை அலுவலர்’ என்ற வரைவிலக்கணத்துள் சேர்த்து, நடுத்தீர்ப்பாளரையும் நீதிப்பணியை முதன்மைக் கடமையாகக் கொள்ளாத பொது அலுவலரையும் மட்டும் விலக்கியது. சிறுபான்மைத் தீர்ப்பு பதினொரு ஆண்டுகளில் சட்டமாயிற்று என்று இதைப் போற்றி, பிணக்குத் தீர்ந்ததாகக் கருதும் மூத்த அறிஞர்களின் கூற்று ஓரளவு உண்மையே. ஆனால் வரைவிலக்கணம் நியமிக்கும் கையை மாற்றியதே தவிர, நியமிக்கப்படுபவரின் தகைமையைச் சொல்லவில்லை. 24ஆம் உறுப்புரையின்படி கண்டியில் நீதிமன்ற மொழி சிங்களம். தமிழில் சாட்சியம் அளிக்கும் தோட்டத் தொழிலாளிக்கு மொழிபெயர்ப்புப் பெறும் உரிமை உண்டு. கங்காணி சொன்ன சொல் வேலைநீக்கமா வசவா என்று தீர்மானிக்க வேண்டிய மன்றில், அச்சொல்லை நேரே கேட்டு உணரும் ஆற்றல் தகைமையின் பகுதி ஆகாதா என்ற வினா, கையைப் பற்றிய வழக்குகள் எதிலும் எழவில்லை.

இக்குறையைக் கண்டியைப்போல் தெளிவாகக் காட்டும் ஊர் வேறில்லை. ஒரே தெருவில் வாழும் மூன்று பெண்கள் மணவிலக்கு வேண்டினால், 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டப்படி மணந்த சிங்களப் பெண் மாவட்டப் பதிவாளரிடமும், முஸ்லிம் பெண் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதியிடமும், பொதுச் சட்டப்படி மணந்த தமிழ்ப் பெண் மாவட்ட நீதிமன்றத்துக்கும் செல்லவேண்டும். முதலாமவர் சந்திப்பது நிருவாக அலுவலரை. காதியை அமைச்சர் நியமித்தது செல்லாது என 1962இல் ஜெயிலாப்தீன் எதிர் தனினா உம்மா வழக்கில் தீர்க்கப்பட்டது. நியமிக்கும் கை திருந்திய பின்னரும், காதி நன்னடத்தையும் தகுதிப்பேறும் உடைய முஸ்லிம் ஆணாக இருக்கவேண்டும் என்று கூறி நின்ற 1951ஆம் ஆண்டின் சட்டம் பெண்ணுக்கு அப்பதவியில் இடமளிக்கவில்லை, சட்டப் பயிற்சியையும் கேட்கவில்லை. இதற்கு எதிர்நிலையை வரலாறு காட்டுகிறது: 1818 நவம்பர் 21ஆம் நாள் பிரகடனத்தின் பின், கண்டிய வழமையை அறிந்த பிரதானிகள் பிரித்தானிய நீதி ஆணையாளருடன் அமர்ந்து கருத்துரைத்தனர், தகைமை அவர்களிடம் இருந்தது, பதவியில் நிலைத்திருக்கும் உறுதி இல்லை.

அவ்வுறுதியின்மை இன்று பதில் நீதவானிடம் தங்கியிருக்கிறது. நீதவான் விடுமுறையில் இருக்கும் நாளில் அவ்வூர்ச் சட்டத்தரணி ஒருவர் அவ்விருக்கையில் அமர்ந்து, சந்தேகநபரைப் பிணையில் விடுவதா விளக்கமறியலில் வைப்பதா என்று தீர்மானித்து, மறுநாள் அதே மன்றில் கட்சிக்காரருக்காக எழுந்து நிற்கக்கூடும். அவரை நியமிக்கும் கை நீதிச்சேவை ஆணைக்குழுவுடையது. ஆகவே ரணசிங்க வழக்கின் அளவுகோல் அவரிடம் குறைகாணாது. ஸ்கொட்லாந்தில் 1999 நவம்பரில் ஸ்டார்ஸ் எதிர் ரக்ஸ்டன் வழக்கில், ஓராண்டுக்கு நியமிக்கப்பட்ட தற்காலிக ஷெரீப்புகள் சுதந்திரமான மன்று ஆகார் என்று தீர்க்கப்பட்டது. ஷெரீப் அங்கு கீழ்நிலை நீதிபதி. அவரது நியமனம் தொடர்வதில் குற்றத்தொடுப்புத் துறையின் தலைவருக்கே பங்கு இருந்தது. அவர்களுள் எவரும் பணிந்துபோனார் என்று அவ்வழக்கைத் தீர்த்த மன்று கூறவில்லை. அடுத்த ஆண்டும் அழைக்கப்படுவோமா என்ற எண்ணம் எழ இடமிருப்பதே போதும் என்றது. இந்தியாவில் மெட்ராஸ் வழக்கறிஞர் சங்க வழக்குகளில், நியாய மன்று உறுப்பினரின் காலம் ஐந்து ஆண்டா நான்கு ஆண்டா என்று 2020, 2021ஆம் ஆண்டுகளில் உச்ச நீதிமன்றமும் நாடாளுமன்றமும் இழுபறிப்பட்டதன் உட்பொருளும் இதுவே.

ஆகவே இவ்வுரை ஒரு பக்கம் சாய்கிறது. நியமிக்கும் கை தூய்மையானதா என்பதற்கு அடுத்து, நீட்டிக்கும் கை யாருடையது, வழக்குக்கு ஆளைப் பொறுக்கும் கை யாருடையது என்ற வினாக்களும் அரசியலமைப்பு வினாக்களாகவே கொள்ளப்படவேண்டும். பதில் நீதவான்களின் பெயர்ப்பட்டியல் முன்கூட்டியே வெளியிடப்பட்டு முறைவரிசையில் அழைக்கப்படுதல், தாம் வாதாடும் மன்றில் அவர்கள் அமராமை, நியாய மன்றுகளுக்கான தகைமை மொழியறிவு உட்படச் சட்டத்தில் எழுதப்படுதல் ஆகிய மூன்றும் ஆராயத்தக்கவை. சிற்றூர்களில் சட்டத்தரணிகள் குறைவு, தாம் வாதாடும் மன்றில் அமராமை என்ற விதி அங்கே செல்லாது என்ற மறுப்பு வலுவானது. ஆனால் கண்டியிலிருந்து மாத்தளைக்கோ கம்பளைக்கோ ஒருவர் ஒரு நாள் பயணம் செய்வது அரிதன்று. வெள்ளிக்கிழமை மாலை விளக்கமறியலுக்கு அனுப்பப்படும் இளைஞன், தன்னை அனுப்பியவர் நீதவானா பதில் நீதவானா என்று கேட்டறிவதில்லை. பல்லேகல சிறைக்கதவும் அவ்வேறுபாட்டை அறியாது. அவன் கேட்காத அவ்வினாவை இவ்வரங்கின் முதல் அமர்வு கேட்கத் தொடங்கலாம்.