வால் காட்டும் திசை



கிறிஸ்து பிறப்புக்கு நம் இராயபுரத்து வாசல்களில் வால் வைத்த நட்சத்திரம் கட்டுகிறோம். வானத்து வால்நட்சத்திரம் ஒன்றின் கூடவே சென்று, ரொசெட்டா விண்கலம் 2014 முதல் 2016 வரை ஆராய்ந்தது. அது கரிபோல் கறுத்த பனிக்கட்டி. சொந்த ஒளி கிடையாது. சூரியனை நெருங்கினால் பனி வாயுவாகிறது. சூரியக் காற்று அந்த வாயுவை எதிர்த்திசையில் வாலாக நீட்டுகிறது. வாலைப் பார்த்தே சூரியன் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

அந்த வாயுவில் அம்மோனியாவும் உண்டு. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்து மக்களை வீட்டை விட்டு ஓடவைத்ததும் அதே அம்மோனியாதான். பாலன் இயேசுவுக்கும் விடுதியில் இடம் கிடைக்கவில்லை.

ஆகவே, நல்ல காற்றுக்காகக் குரல் கொடுக்கும் அந்த மக்களோடு நிற்போம். நம்மைப் பார்ப்பவர்கள் ஆண்டவர் எந்தப் பக்கம் என்று அறியட்டும். ஆமென்.