ரயிலடியில் யார் குடியிருப்பது?



அழைப்பிதழில் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'நகரமும் நடையும்'. பேசுகிறேன். ஆனால் தாம்பரத்தில் நின்றுகொண்டு ரயிலை விட்டுவிட்டு எதைப் பேசுவது?

1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடியது. தென்னாட்டுக்கே அதுதான் முதல் மின்சார ரயில். கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். அந்த ஒரு தண்டவாளம்தான் குரோம்பேட்டையை வளர்த்தது, நம்மையும் வளர்த்தது. இந்த அரங்கத்தில் சீசன் டிக்கெட் வாங்காத குடும்பம் ஒன்று இருந்தால் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். யாருமில்லை. இன்றைக்கும் 5 ரூபாயில் ஏறி உட்கார முடிகிற வண்டி அது. பட்டினத்துக்குள் ஏழையை மரியாதையோடு கூட்டிக்கொண்டு போகிற வண்டி அது ஒன்றுதான். (கைதட்டல்)

தட்டுங்கள், தட்டுங்கள். ஆனால் ஒரு கேள்வி. அந்த வண்டி நிற்கிற இடத்தைச் சுற்றி நாம் என்ன வைத்திருக்கிறோம்? டூ வீலர் ஸ்டாண்டு, கிடங்கு, பூட்டிய கேட், சுற்றுச்சுவர். ரயிலடியிலிருந்து பத்து நிமிடம் நடந்து போகிற தூரத்தில் மனிதர்கள்தானே குடியிருக்க வேண்டும்! மத்திய அரசு 2017-ல் இதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரை நெருக்கமாகக் கட்டுங்கள், நடைபாதை போடுங்கள், எளியவர்களுக்கும் அங்கே வீடு கொடுங்கள் என்கிறது அந்தக் கொள்கை. தாளில் எவ்வளவு அழகாக இருக்கிறது!

இந்தக் கூட்டத்தில் ஒரு மனிதர் இருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் செய்த வேலை என்ன தெரியுமா? அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் முனையிலிருந்து ஒவ்வொரு தெருவுக்கும் நடந்து நடந்து அளந்தார். ஒரு தெருவில் வண்டியின் ஊதல் வீட்டுக்குள் கேட்கிறது. கூப்பிடு தூரம். ஆனால் நடுவில் சுவர். சுற்றி வர இருபது நிமிடம். அதனால் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? சுவரில் நான்கு செங்கல்லைப் பெயர்த்திருக்கிறார்கள். அந்த ஓட்டைக்குள் பள்ளிக்கூடப் பிள்ளை முதலில் பையைத் தள்ளுகிறது, அப்புறம் தான் நுழைகிறது, அப்புறம் தண்டவாளத்தைத் தாண்டுகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓட்டையை அடைப்பார்கள், மறுபடி பெயர்ப்பார்கள். அங்கே ஒரு வாசல் வையுங்கள் என்றுதான் இந்த மனிதர் மனு மேல் மனுவாகக் கொடுக்கிறார். வாசல் வைக்க எத்தனை கோடி வேண்டும்?

சிலர் இருக்கிறார்கள். நான் யாரையும் பெயர் சொல்லப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். ரயிலடிப் பக்கம் வீடு கட்டினால் கண்டவர்களும் வந்து குடியேறுவார்கள், ஊரின் தரம் கெட்டுவிடும் என்று பேசுகிறார்கள். யாரய்யா கண்டவர்கள்? உன் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவா? உன் தகப்பனாருக்கு ராத்திரி ஊசி போட வருகிற நர்ஸா? அவர்கள் உன் வீட்டுக்கு வர வேண்டும், ஆனால் உன் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாதா? (நீண்ட கைதட்டல்)

அப்படிப் பாத்திரம் தேய்க்கிற ஒரு அம்மாவைப் பற்றியே சொல்கிறேன். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையில் இருந்தவர். பறக்கும் ரயில் நிலையம் வீட்டு வாசலில் இருந்த மாதிரி. ரயிலேறி மயிலாப்பூரில் இறங்கி நான்கு வீட்டில் வேலை பார்த்தார். கரையைக் காலி செய்யச் சொல்லிப் பெரும்பாக்கத்தில் மேல்மாடியில் வீடு கொடுத்தார்கள். வீடு கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் ஆயிரமாயிரமாய்க் குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்தோமே, அங்கே ரயில் உண்டா? கிடையாது. ரயில் இருந்த இடத்திலிருந்து எடுத்து, ரயில் இல்லாத இடத்தில் வைத்தோம். அந்த அம்மா இப்போது இரண்டு பஸ் மாறுகிறார். நான்கு வீடு இரண்டு வீடாகிவிட்டது.

அதே பறக்கும் ரயில் நிலையங்களைப் போய்ப் பாருங்கள். 1995-ல் சேப்பாக்கம் வரை வந்தது, 2007-ல் வேளச்சேரி போனது. பிரம்மாண்டமான தூண்கள், மண்டபம் மண்டபமாய் இடம், பல நிலையங்களில் ஆண்டுக்கணக்கில் காலி! இருட்டினால் பெண்கள் அந்தப் படியில் இறங்கப் பயப்படுகிறார்கள். ஜன நடமாட்டம் இல்லாத இடத்தில் போலீஸ் மட்டும் நின்று என்ன செய்யும்? மேலே நான்கு வீட்டில் விளக்கு எரிந்தால், கீழே ஒரு டீக்கடை திறந்திருந்தால், அந்தப் பெண் தைரியமாக நடப்பாள்.

ரயிலடியில் மனிதர்களைக் குடிவைத்துக் காட்டியவர் ஜப்பானில் உண்டு. கொபயாஷி இச்சிசோ என்று ஒரு மனிதர். வங்கியில் வேலை பார்த்தவர். 1910-ல் ஒசாகா பக்கம் வயல்வெளியில் ரயில் விட்டார். ஆள் இல்லாத காட்டுக்கு ரயிலா என்று சிரித்தார்கள். அவர் தடத்தின் ஓரம் நிலத்தை முன்பே வாங்கி வைத்திருந்தார். இகேடா என்ற இடத்தில் வீடு கட்டினார், மாதத் தவணையில் மாதச் சம்பளக்காரனுக்குக் கொடுத்தார். 1914-ல் தடத்தின் மறுமுனையில் பெண்கள் மட்டுமே நடிக்கும் நாடகக் குழுவை மேடையேற்றினார், அது இன்றைக்கும் ஆடுகிறது. 1929-ல் ஒசாகா முனையத்திலேயே பல மாடிக் கடை. காலையில் வேலைக்கு ஒரு பக்கம் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்கு மறுபக்கம் கூட்டம். வண்டி காலியாக ஓடவே இல்லை!

ரயில் வந்தால் மண் விலை ஏறும். அங்கே அந்த ஏற்றம் ரயிலுக்கே திரும்பியது. இங்கே யார் பைக்குப் போனது? நிலையம் வரப்போகிறது என்று நமக்குத் தெரிவதற்கு முன்னால் தெரிந்துகொண்டவர்களின் பைக்குப் போனது! அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் பிடித்திருந்தால் ஒவ்வொரு நிலையத்திலும் நிழற்பாதை போட்டிருக்கலாம், வாடகை வீடுகள் கட்டியிருக்கலாம்.

நமக்குத் தெரியாத கலையா இது? 1920-களில் மாம்பலம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே தியாகராய நகரைத் திட்டமிட்டு அமைத்தவர்கள் நாம். பூங்கா, அதிலிருந்து பிரியும் சாலைகள், ரயிலடியில் கடைத்தெரு. ஏரியைத் தூர்த்துக் கட்டினார்கள், அது பிழை. இன்றுவரை மழைக்காலத்தில் அதற்கு வட்டி கட்டுகிறோம். ஆனால் அந்த ரயிலடியிலிருந்து பஸ் நிலையத்துக்கு நடந்து போக ஒரு மேம்பாலம் வந்தது எப்போது? 2023-ல். மின்சார ரயில் வந்து 92 ஆண்டு கழித்து! அதே 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கரில் பேருந்து நிலையம் திறந்தோம். பக்கத்திலேயே தண்டவாளம் ஓடுகிறது. திறந்த அன்றைக்கு அங்கே ரயில் நிலையம் இல்லை. கைக்குழந்தையும் மூட்டையுமாக ஜி.எஸ்.டி. சாலையில் நின்றவர்களை நான் கண்ணால் பார்த்தேன்.

ரயிலடியில் உயரக் கட்டினால் தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. குழாயும் சாக்கடையும் முதலில் வர வேண்டும், மாடி பிறகு. ஆனால் இங்கே கட்டாவிட்டால் அந்த ஜனம் எங்கே போகும்? 2015 வெள்ளத்தில் நம் முடிச்சூர் மூழ்கியதே, மறந்துவிட்டதா? படகில் ஆளை ஏற்றியதை இந்த ஊர் மறக்குமா? ரயிலடியில் இடம் கொடுக்காத நகரம், ஏரிக்குள்ளும் சதுப்புக்குள்ளும் மனை போட்டு விற்கும். பள்ளிக்கரணையைப் பார்த்தால் போதும்.

மணி அடித்துவிட்டார் கூட்டத் தலைவர். அந்த நாடா பிடித்த மனிதர் இன்றைக்கும் மனுவோடு வந்திருக்கிறார், வாசலில் மேசை போட்டிருக்கிறது. சுவரில் ஒரு வாசல், ரயிலடி அரசு நிலத்தில் வாடகை வீடு, இரண்டையும் எழுதியிருக்கிறார். கையெழுத்துப் போடாமல் யாரும் போகக் கூடாது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு எல்லோரும் சேர்ந்து ரயிலில் போகிறோம். எட்டு மணிக்குப் பிளாட்பாரத்தில் இருங்கள்.