நங்கலில் கண்ட ஹைட்ரஜன்



ஆயுளின் பெரும்பகுதியை உரத் தொழிலில் கழித்தவன் என்ற உரிமையோடு, சூரியனும் காற்றும் தரும் மின்சாரத்தால் நீரைப் பிரித்துப் பெறும் பசுமை ஹைட்ரஜனைப் பற்றி என் உள்ளத்தில் நெடுநாளாக ஊறிவரும் எண்ணம் ஒன்றை இன்று பட்டம் பெறும் உங்கள் முன் வைக்கிறேன். 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் அதற்கென ஒரு தேசிய இயக்கத்தை அங்கீகரித்த மத்திய அரசு, 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தித் திறனை எய்துவதென்று சங்கற்பம் செய்துகொண்டிருக்கிறது. அது மகத்தான காரியம். ஆயினும் அந்த ஹைட்ரஜன் எங்கே போய்ச் சேரப்போகிறது என்பதே என் கவலை.

நான் ரசாயனப் பொறியியல் மாணவனாக இருந்தபோது, எங்கள் வகுப்பாரை ரயிலேற்றி, பஞ்சாபில் சட்லெஜ் நதிக்கரையிலுள்ள நங்கல் உர ஆலைக்கு அழைத்துச் சென்றார்கள். வாயிலிலேயே தீப்பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டு எங்களை உள்ளே விட்ட அந்த ஆலையில், பக்ரா அணையின் மின்சாரம் வரிசை வரிசையாக நின்ற மின்பகுப்புக் கலங்களில் பாய்ந்து நீரை ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரிப்பதையும், அந்த ஹைட்ரஜன் காற்றின் நைட்ரஜனோடு கூடி அம்மோனியாவாவதையும், அதிலிருந்து கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் உரம் பிறப்பதையும், அங்கிருந்த முதிய பொறியாளர் ஒருவர் குழாய் குழாயாகத் தொட்டுக் காட்டி விளக்கினார். நாம் இன்று நூதனமாகக் கருதும் வித்தையை அவர்கள் 1961 முதலே அன்றாடத் தொழிலாக நடத்திக்கொண்டிருந்தார்கள். மறு ஆண்டிலேயே அந்த மின்பகுப்பைச் சார்ந்து நம் அணுசக்தித் துறைக்கான கனநீரும் அங்கே உற்பத்தியாகத் தொடங்கியது. உணவு விடுதியில் கோதுமை ரொட்டியைத் தின்னத் தெரியாமல் நாங்கள் திணறியதைவிட, அந்தக் கலங்களின் இடையறாத ரீங்காரமே இன்றும் என் நினைவில் தெளிவாக நிற்கிறது.

மின்பகுப்பில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறக்குறைய 50 யூனிட் மின்சாரம் வேண்டும். ஊர்களும் ஆழ்குழாய்க் கிணறுகளும் மின்சாரத்தை நாடி நிற்க, எண்ணெய் மலிவாகத் தோன்றிய காலத்தில், நங்கல் முதலில் எரி எண்ணெய்க்கு மாறிற்று, பின்னர் 2013இல் இயற்கை வாயுவுக்கும் மாறிற்று. அவ்வாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கும்போது 9 கிலோவுக்குக் குறையாத கரியமில வாயு வெளிப்படுகிறது. நம் நாட்டில் இன்று செலவாகும் ஹைட்ரஜனின் பெரும்பகுதி உர ஆலைகளுக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குமே போகிறது.

ஆகவே பசுமை ஹைட்ரஜனும் முதலில் அங்கேயே போகட்டும். சூரியனும் காற்றும் தரும் மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி, அதை மறுபடியும் மின்சாரமாக்கிக் காரும் விளக்கும் இயக்குவதில், வழியிலேயே பாதிக்குமேல் விரயமாகிறது. கம்பியே செய்யக்கூடிய வேலைக்கு இவ்வளவு சிரமம் எதற்கு? ஆனால் உரத்திற்கும், தாதுவிலிருந்து எஃகு செய்வதற்கும் கம்பி மட்டும் போதாது. உரங்களில் யூரியாவுக்கோ கரியமில வாயுவும் வேண்டும். வாயு ஆலை ஹைட்ரஜனோடு அதையும் சேர்த்தே தந்துவிடுகிறது, நீரோ தருவதில்லை. இந்த முடிச்சை அவிழ்ப்பதா, அல்லது கரியமில வாயு வேண்டாத நங்கலின் பழைய நைட்ரேட் உரத்தை நோக்கி நம் உழவர்களையும் மானியக் கொள்கையையும் திருப்புவதா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு உங்கள் தலைமுறையுடையது. உங்களுள் மின்வேதியியல் கற்றவர்கள் முதலில் ஓர் உர ஆலையில் வேலை கேட்டுச் செல்லுங்கள். அங்கே கலங்களை இரவு பகலாகப் பராமரிக்கத் தெரிந்த கைகள் வேண்டியிருக்கும்.