ஆழத் தேடுவதா, அளந்து பார்ப்பதா?

தமிழும் தெலுங்கும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் பள்ளிப்பட்டில் கணினிச் செஸ் பற்றிப் பேச அழைத்த நண்பர்களுக்கு நன்றி.

நம் முன் உள்ள கேள்வி பழையது. செஸ் நிரலை வலுவாக்க, முக்கியமான கிளைகளில் தேடலை நீட்டுவதா, எட்டிய நிலையை நுட்பமாக மதிப்பிடுவதா? இரண்டும் நேரத்தைத் தின்னும், கடிகாரம் ஒன்றுதான்.

1980களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இந்த வழக்கு ஒரே வளாகத்துக்குள் நடந்தது. அஞ்சல்வழிச் செஸ்ஸில் உலகச் சாம்பியனாக இருந்த ஹான்ஸ் பெர்லினர், நிலையை எடைபோடும் அறிவை 'ஹைடெக்' இயந்திரத்தின் வன்பொருளில் பதித்தார். ஃபெங்-சியுங் சூ, மரே கேம்ப்பெல், இந்தியாவிலிருந்து சென்ற தாமஸ் அனந்தராமன் ஆகிய மாணவர்கள் 'சிப்டெஸ்ட்'டிலும் 'டீப் தாட்'டிலும் வேகத்தை நம்பினார்கள்.

தேடல் நின்றுவிடும் எல்லைக்கு அப்பால் காத்திருக்கும் ஆபத்தை நிரல் காணாது. இதற்குத் தொடுவான விளைவு என்று பெயரிட்டவரும் பெர்லினரே. மேல்புறத்துக் கிருஷ்ணாபுரம் அணையில் மதகு திறந்தது தெரியாமல், வறண்ட கொசஸ்தலையாற்றைப் பார்த்துத் தரைப்பாலத்தில் இறங்குவது போன்றது அது. மாணவர்கள் மூவரும் கண்ட மருந்து சிங்குலர் எக்ஸ்டென்ஷன்: ஒரு நகர்வு மற்றெல்லாவற்றையும்விடத் தெளிவாக மேலாக இருந்தால், அந்தக் கிளையை மட்டும் கூடுதல் ஆழத்துக்குத் தேடு. 1988இல் லாங் பீச் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் பென்ட் லார்சனை டீப் தாட் வென்றது. மறுஆண்டே உலகச் சாம்பியன் காஸ்பரோவ் அதை இரண்டு ஆட்டங்களிலும் வீழ்த்தினார். அதன் வழிவந்த டீப் புளூ 1997இல் அவரை வென்றபோது, நொடிக்கு 20 கோடி நிலைகள் என்ற வேகமே பேசப்பட்டது. அதன் மதிப்பீட்டுப் பகுதி சுமார் 8,000 கூறுகளை எடைபோட்டதை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை.

உற்றுப் பார்த்தால் இரு கட்சிகளுக்கும் இடையே வரப்பே இல்லை. ஒரு நகர்வு 'தெளிவாக மேல்' என்று சொல்வது யார்? மதிப்பீடுதான். மறுபுறம், 2020இல் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் நிரலின் 12ஆம் பதிப்பு ஏற்றுக்கொண்ட நரம்பு வலையமைப்பு, தேடல் தந்த மதிப்பெண்களிலிருந்தே பயின்றது. 2024இல் வந்த 16.1 பதிப்பில் கையால் எழுதிய மதிப்பீடு முற்றிலும் நீக்கப்பட்டது. சிங்குலர் எக்ஸ்டென்ஷன் மட்டும் நிலைத்தது. நீட்டிப்பு மதிப்பீட்டைக் கேட்டு நடக்கிறது. மதிப்பீடு பழைய தேடல்களின் சாரமாக இருக்கிறது.

ஆகவே கட்டுரை படிக்க வந்தோரிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, சம ஆழத்தில் ஒப்பிடாதீர்கள். ஆழத்தைச் சமமாக்கினால் நீட்டிப்புக்கான செலவு கணக்கில் வராமலே போகும். சம நேரத்தில் ஆட வைத்துப் பாருங்கள். இரண்டு, மதிப்பீட்டை மாற்றினால் நீட்டிப்பின் வரம்பையும் மறுபடி அளவிடுங்கள். 'தெளிவாக மேல்' என்பதற்கான இடைவெளி அந்த மதிப்பீட்டின் அலகிலேயே குறிக்கப்படுகிறது. அலகு மாறிய பிறகு பழைய எண்ணுக்குப் பொருளில்லை.

இந்த இரண்டு சோதனைகளையும் தாண்டிய முடிவுகளை இந்த அரங்கு பதிவு செய்யட்டும். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்; முதல் கட்டுரையாளர் வரலாம்.