பிக்கப் இழுக்கவும் வேண்டும், பேஸ்மெண்ட் மூச்சு விடவும் வேண்டும்

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், பி பிளாக்கில் வசிப்பவரும் டீசல் இன்ஜின் துறையில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவருமான உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



தண்ணீர் லாரி கணக்கு, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் பேசி முடித்துக் களைத்திருக்கிறீர்கள். டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் கடைசியாக ஒரு தீர்மானம் இருக்கிறது. பிக்கப் வண்டிகளை பேஸ்மெண்டில் நிறுத்தக் கூடாது என்பது அதன் சாரம். இரவு பதினொரு மணிக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, காலையில் பேஸ்மெண்டுக்குள் போனால் கண் எரிகிறது என்று புகார்ப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் புகார்கள் நியாயமானவை. அதே சமயம், பிக்கப் வைத்திருக்கும் நான்கு வீட்டுக்காரர்களிடமும் நான் பேசினேன். ஒருவர் டிரெய்லரில் பைக்கை ஏற்றி இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போகிறார். இன்னொருவர் மாதம் ஒருமுறை ஏற்காட்டுத் தோட்டத்துக்குச் சாமான் இழுத்துப் போகிறார். "மலையில் வண்டி திணறுகிறது, சைலன்சரை மாற்றினால் இழுவை கூடும்" என்று கடையில் சொன்னார்களாம். இருவர் மாற்றிவிட்டார்கள். ஒருவர் முன்பணம் கொடுத்திருக்கிறார். அவர் மீதிப் பணத்தைக் கட்டுவதற்குள்ளும், நாம் கையைத் தூக்கி வாக்களிப்பதற்குள்ளும் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நேரம் கேட்டேன்.

முதலில், கடைக்காரர் சொல்வதில் எவ்வளவு உண்மை? கொஞ்சம் உண்மை இருக்கிறது. டர்போ வைத்த டீசல் இன்ஜினில், எரிந்த வாயு வெளியே போகும் வேகத்தில்தான் டர்போவின் சக்கரம் சுற்றுகிறது. அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் வழி நெருக்கடியாக இருந்தால் வாயு தேங்கும். டர்போ மெதுவாக எழும், இன்ஜினுக்குள் சூடும் ஏறும். வழியை அகலமாக்கினால் டர்போ சற்றுச் சீக்கிரம் எழும். "இன்ஜினுக்குப் பின்னழுத்தம் வேண்டும்" என்று சிலர் சொல்வதை டர்போ டீசலைப் பொறுத்தவரை மறந்துவிடலாம்.

ஆனால், எவ்வளவு டீசல் பீய்ச்ச வேண்டும், டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது வண்டியிலுள்ள கம்ப்யூட்டர். பின்னால் குழாயை மாற்றியது அதற்குத் தெரியாது. பழைய கணக்குப்படிதான் டீசல் கொடுக்கும். அதனால் கடைசி சைலன்சரை மட்டும் மாற்றினால் ஏற்றத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியாது. சத்தம் மட்டும் கூடும். சத்தம் கூடினால் சக்தி கூடியதாக நம் மனசு நினைத்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

பிறகு ஏன் யூடியூபில் எல்லோரும் இதைச் செய்கிறார்கள்? அந்த வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே ஃபோர்டு, ராம் போன்ற பெரிய பிக்கப்களில் 6.7 லிட்டர் டீசல் இன்ஜின் இருக்கும். பல டன் எடையுள்ள டிரெய்லரை நாள் முழுக்க இழுப்பார்கள். புகை வடிகட்டி வருவதற்கு முந்தைய பழைய வண்டிகளில் நான்கு அங்குலக் குழாய் போட்டு வெப்பத்தைக் குறைத்தார்கள். நம் பேஸ்மெண்டில் நிற்பவை 1.9 லிட்டர், 2.8 லிட்டர் இன்ஜின்கள். அந்த வண்டிக்கு எழுதிய மருந்துச் சீட்டை இந்த வண்டிக்குக் கொடுக்கக் கூடாது.

புதிய வண்டிகளிலும் அங்கே சிலர் வடிகட்டியைக் கழற்றினார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் கழற்றப்பட்டிருந்தன. அவற்றால் வரும் கூடுதல் புகை, ஒழுங்காக உள்ள 90 லட்சம் பிக்கப்களைச் சாலையில் புதிதாக இறக்கியதற்குச் சமம் என்று அந்த அறிக்கை சொன்னது.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் வண்டிகளுக்கு பி.எஸ்.6 விதி. டீசல் கார்களுக்கு பி.எஸ்.4-இல் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை அனுமதித்திருந்த கரித்தூள், பி.எஸ்.6-இல் 4.5 மில்லிகிராமாகக் குறைந்தது. இதைச் சாதிப்பது டி.பி.எஃப். என்ற வடிகட்டி. தேன்கூடு மாதிரி இருக்கும். கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, குழாய் சுமார் 600 டிகிரி வரை சூடாகும்போது எரித்துச் சாம்பலாக்கும்.

"சைலன்சர் மாற்றுகிறோம்" என்று சொல்லும் சில இடங்களில் இந்த வடிகட்டியையே வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அதை எடுத்தால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து எச்சரிக்கை விளக்கைப் போடும், சக்தியையும் குறைத்துவிடும். அதனால் கம்ப்யூட்டர் நிரலையும் மாற்றி எழுதுவார்கள். அதற்கு ரீமேப் என்று பெயர். அப்போது டீசல் அளவும் கூட்டப்படுவதால் இழுவை உண்மையிலேயே கூடும். கூடவே கிளட்ச், கியர்பாக்ஸ், டர்போ எல்லாவற்றுக்கும் கணக்கில் இல்லாத பாரம் ஏறும். வாரண்டி கைவிட்டுப் போகும்.

அதன் பிறகு அந்தப் புகை எங்கே போகிறது? நம் பேஸ்மெண்டுக்குத்தான். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் முதல் பிரிவில் சேர்த்தது. வண்டிக்காரர் அங்கே இரண்டு நிமிடம் நின்றுவிட்டு லிஃப்ட் ஏறிவிடுவார். கார் துடைக்கும் அம்மா காலை ஐந்தரையிலிருந்து அங்கேதான் இருக்கிறார். வாட்ச்மேன் பன்னிரண்டு மணி நேரம் சரிவுப் பாதை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மழைக்காலத்தில் நம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதும் அங்கேதான். புகார்ப் புத்தகத்தில் எழுத வாட்ச்மேனுக்கு வழியில்லை. அதனால்தான் நான் சொல்கிறேன்.

சட்டத்தையும் இரண்டு வரியில் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 182ஏ-இன்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை அளவை மீறி ஓட்டினால் பிரிவு 190-இன்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு மூன்று மாதம் லைசென்ஸும் போகும். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை ஒலி அளவு 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. "பி.யு.சி. சான்றிதழ் வைத்திருக்கிறேனே" என்று ஒரு நண்பர் கேட்டார். டீசல் வண்டிக்கு அந்தச் சோதனை புகையின் கருமையைத்தான் பார்க்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை.

சரி, மலையில் திணறும் வண்டிக்கு என்ன வழி? அதைச் சொல்லாமல் போனால் என் பேச்சு வெறும் உபதேசமாகிவிடும்.

ஒன்று, இருக்கிற குழாயை முதலில் பாருங்கள். இன்ஜினுக்கும் டர்போவுக்கும் நடுவில் கேஸ்கெட் கசிந்தால் டர்போவுக்கு வேகம் கிடைக்காது. விசில் மாதிரி சத்தமும், இணைப்பில் கரியும் தெரியும். கல்லில் அடிபட்டுக் குழாய் நசுங்கியிருக்கலாம். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கிழிந்திருக்கலாம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். இவற்றைச் சரிசெய்தாலே இழந்த இழுவை திரும்பும்.

இரண்டு, வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டும் வண்டியில் வடிகட்டிக்குத் தேவையான சூடு வராது. விளக்கு எரிந்தால் நெடுஞ்சாலையில் நிற்காமல் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓட்டுங்கள். அப்படியும் அணையவில்லை என்றால் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். எரிப்பு நடக்கும்போது குழாய் மிகவும் சூடாக இருக்கும். காய்ந்த சருகு மேல் நிறுத்தாதீர்கள்.

மூன்று, எடையைக் கணக்குப் பாருங்கள். உங்கள் வண்டி எவ்வளவு இழுக்கலாம் என்பது கையேட்டில் இருக்கிறது. டிரெய்லர் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியின் மேல் இறங்குமாறு சாமானை அடுக்குங்கள். அது குறைந்தால் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆடும். டயர் காற்று, கூலன்ட், பிரேக் பேடு ஆகியவற்றைக் கிளம்புவதற்கு முன்பே பாருங்கள். ஏறும்போது திணறுவதைவிட இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போவதுதான் ஆளைக் கொல்லும்.

நான்கு, ஓட்டும் முறை. ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, இன்ஜின் சுற்றை விழவிடாமல் ஏறுங்கள். பெரிய கியரில் ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டு போனால்தான் சூடு ஏறும், கரியும் சேரும். இறங்கும்போதும் அதே சின்ன கியர்.

ஐந்து, டர்போ ஆறுவதற்காக பேஸ்மெண்டில் இன்ஜினை ஓடவிட்டு நிற்காதீர்கள். கடைசி ஒரு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வந்தாலே டர்போ ஆறிவிடும். வந்து நிறுத்தியதும் அணைத்துவிடலாம்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு பெரும்பாலும் அந்த சைலன்சர் விலைக்குள் அடங்கிவிடும்.

இனி தீர்மானம் பற்றி. பிக்கப்புக்கே தடை என்பது வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கம்பெனியிலிருந்து வந்தபடி இருக்கும் பி.எஸ்.6 பிக்கப், பக்கத்தில் நிற்கும் பழைய டீசல் காரைவிடக் குறைவாகத்தான் கரி விடும். தடை போட்டால் வடிகட்டியைக் கழற்றாதவரையும் சேர்த்துத் தண்டிப்போம். சைலன்சர் வெட்டிய பைக்குகள் மட்டும் அப்படியே தப்பித்துக்கொள்ளும்.

அதற்குப் பதில் மூன்று திருத்தங்களை முன்மொழிகிறேன். எந்த வண்டியானாலும், கம்பெனி வடிகட்டியும் சைலன்சரும் இருந்தால்தான் பேஸ்மெண்ட் இடம். பேஸ்மெண்டில் யாரும் ஒரு நிமிடத்துக்கு மேல் இன்ஜினை ஓடவிட்டு நிற்கக் கூடாது. ஏற்கெனவே மாற்றிய இருவருக்கும் பழையபடி மாட்ட அடுத்த காலாண்டு வரை அவகாசம் தர வேண்டும்.

வடிகட்டி இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வண்டி ஆறியபின் புகைக்குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி ஒழுங்காக வேலை செய்யும் வண்டியில் துணியில் கரி அநேகமாக ஒட்டாது. கறுப்பாக அப்பிக்கொண்டு வந்தால் வடிகட்டி இல்லை, அல்லது பழுதாகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் துணியோடு பேஸ்மெண்டில் இருப்பேன். பிக்கப்காரர்கள் நால்வரும் வரச் சம்மதித்திருக்கிறார்கள். மற்ற டீசல் வண்டிக்காரர்களும் வாருங்கள். முன்பணம் கொடுத்த தம்பி, நீங்கள் முதலில் வாருங்கள். உங்கள் வண்டியின் ஹோஸையும் ஏர் ஃபில்டரையும் பார்த்துவிட்டு, அந்தச் செலவு தேவையா என்று சேர்ந்தே முடிவு செய்வோம்.