எறியும் தேன்வதையிலிருந்து மெழுகுதிரி செய்தல்



தேன் பிழிந்தபின் எஞ்சும் வதையை நீங்கள் என்ன செய்கின்றீர்கள்? பல வீடுகளில் அது வேலியோரத்தில் எறியப்படுவதையே கண்டிருக்கின்றேன். ஒரு கிலோ மெழுகைச் சுரப்பதற்குத் தேனீக்கள் ஏறத்தாழ 6 முதல் 8 கிலோ வரை தேனை உண்ணவேண்டும் எனக் கணிப்பர். ஆதலின் வதையை எறிபவர் தேனையே எறிகின்றார். கடைகளில் இக்காலத்தில் கண்ணாடிக் குவளைகளிலே பாகுபோலத் தெளிந்த மெழுகுதிரிகள் விற்கப்படுகின்றன. அவை கனிய எண்ணெயாலானவை. செய்ய விரும்புவோர் மூலப்பொருளை விலைகொடுத்தே பெறவேண்டும். நமது மெழுகோ நமது வளவிலேயே கிடைப்பது.

எவ்வதையை உருக்கலாம் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். தேன் சுழற்றியினால் தேனெடுத்த நல்ல வதையை உருக்கலாகாது. அதைச் சட்டத்துடன் பெட்டிக்கே மீளக் கொடுத்தல் வேண்டும். பிழிந்த வதை, தேனறைகளை மூடியிருந்த மெல்லிய மூடிகள், முறிந்த துண்டுகள், தேனீக்கள் விட்டுச்சென்ற பெட்டியின் வதை ஆகியவையே உருக்கத்தக்கவை. புதிய வெண்ணிற வதையில் மெழுகு மிகுதியாக உண்டு. குஞ்சு வளர்ந்து கறுத்த பழைய வதையில் புழுக்கூட்டின் தோல்கள் நிறைந்திருப்பதால் மெழுகு குறைவாகவே கிடைக்கும். அத்தகைய வதையை ஓரிரவு நீரில் ஊறவைத்தபின் உருக்கினால், அத்தோல்கள் மெழுகை உறிஞ்சுவது குறையும்.

வதையைச் சேர்த்துவைத்துக் காலந்தாழ்த்த வேண்டா. மெழுகுப்பூச்சியின் புழுக்கள் அதனைத் துளைத்து நூலாம்படை போலாக்கிவிடும். அங்கிருந்து பெருகும் பூச்சிகள் வலுக்குன்றிய பெட்டிகளையும் தாக்கும். எனவே வதையை உருக்குதல் மெழுகு பெறும் வழி மட்டுமன்று, பெட்டிகளைக் காக்கும் வழியுமாகும்.

இனி, நான் செய்த ஒரு பிழையைச் சொல்கின்றேன். பயிற்சி முடித்துப் போதனாசிரியனாக வந்த முதலாண்டிலே, வலிகாமப் பகுதியில் ஒரு தாயாரின் வீட்டில் மெழுகு உருக்கிக் காட்டச் சென்றேன். இரும்புச் சட்டியை அடுப்பேற்றி, கிணற்று நீரை வார்த்து, கொதிக்கக் கொதிக்க உருக்கினேன். மறுநாள் பார்த்தபோது மெழுகு மண்ணிறமாகி, பஞ்சுபோலப் பொருபொருத்துக் கிடந்தது. அவர் ஒரு பருவம் முழுதும் சேர்த்த வதை அது. அதனை விற்று மகளுக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்க எண்ணியிருந்தார். என்னை அவர் கடிந்து பேசவில்லை. "தம்பி, பூச்சி பாடுபட்டுச் சேர்த்ததை நாங்கள் ஒரு இரவில கெடுத்துப்போட்டம்" என்று மட்டும் சொன்னார். பிழை என்னுடையதாயிருக்க, 'நாங்கள்' என்று அவர் சொன்ன சொல் இன்றும் என் நெஞ்சில் உண்டு. பின்வரும் முறையை என் வீட்டிலே பலமுறை செய்து பார்த்த பின்னரே அவரிடம் மீண்டும் சென்றேன்.

பாத்திரம்: இரும்பு, செம்பு, நாகம் பூசிய வாளி ஆகியன மெழுகின் நிறத்தைக் கெடுக்கும். எவர்சில்வர், அலுமினியம் அல்லது பழுதில்லாத எனாமல் பாத்திரத்தையே கொள்ளுங்கள்.

நீர்: யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடாக ஊறி வருவதால் வன்னீராகும். அது மெழுகுடன் கலந்து அதனைப் பொருபொருக்கச் செய்யும். மழைநீர் சிறந்தது. அது கிடையாவிடின், நீரில் லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி வினாகிரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

உருக்குதல்: கழுவிய வதையைப் பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டி, கல்லொன்றைச் சேர்த்து, நீர் நிறைந்த பாத்திரத்தில் அமிழ்த்துங்கள். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகும். 85 பாகைக்கு மேற்பட்டால் நிறம் மங்கும். ஆதலின் மெல்லிய தீயே போதும். நீர் தளதளவெனக் கொதிக்கலாகாது. மூட்டையைத் தடியால் அழுத்த, மெழுகு மேலே மிதந்து வரும். மூட்டையை எடுத்துப் பிழிந்தபின், பாத்திரத்தை இறக்கி மூடி, சாக்கினாற் போர்த்தி, ஓரிரவு ஆறவிடுங்கள். மெதுவாக ஆறினாலன்றி அழுக்குக் கீழே படியாது. விடிந்ததும் மெழுகு வட்டையைக் கழற்றி, அதன் அடியிலுள்ள அழுக்கைக் கத்தியாற் சுரண்டுக. புதுநீரில் இன்னுமொருமுறை உருக்கினால் தூய மஞ்சள் மெழுகு கிடைக்கும்.

திரி: பருத்தி நூலையே மூன்று புரியாகப் பின்னுங்கள்; செயற்கை நூல் உருகிக் கருகும். தேன்மெழுகு தடித்த தன்மையுடையதாதலால், கடை மெழுகுதிரிக்கு வேண்டியதிலும் சற்றுப் பருத்த திரியே இதற்கு வேண்டும். பின்னிய திரியை உருகிய மெழுகில் தோய்த்து, நேராக இழுத்து உலரவிடுங்கள்.

வார்த்தல்: அச்சுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. பப்பாசி இலைக்காம்பு உள்ளே குழலாயிருக்கும். அதனை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, பால் போகக் கழுவி, உள்ளே ஈரமில்லாது துடையுங்கள். திரியை நடுவே செலுத்தி, மேல்முனையை ஈர்க்கில் கட்டி, கீழ்த்துளையைக் களிமண்ணால் அடைத்து, மணல் நிறைந்த பேணியில் நிமிர்த்தி வையுங்கள். மெழுகை ஒரு பேணியிலிட்டு, அப்பேணியைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் வைத்தே உருக்குதல் வேண்டும். உருகிய மெழுகை மெதுவாக வாருங்கள். ஆறும்போது நடுவில் குழி விழும். அதனை மீண்டும் நிரப்புங்கள். நன்றாக இறுகியபின் காம்பைக் கீறி உரித்துவிடலாம்.

முதலில் ஒன்றை மட்டும் ஏற்றிப் பாருங்கள். சுடர் உயர்ந்து புகைத்தால் திரி பருத்தது. உருகிய மெழுகில் மூழ்கி அணைந்தால் திரி மெலிந்தது. அடுத்ததைத் திருத்திச் செய்யலாம். நாட்பட்ட திரிமேல் வெண்பொடி படர்வது குற்றமன்று. துணியால் துடைக்கப் போய்விடும்.

ஒன்றை மறவாதீர்கள். மெழுகை ஒருபோதும் நேரே தீயில் வைக்கலாகாது. அது பற்றிக்கொண்டால் நீர் ஊற்றவே கூடாது; எரியும் மெழுகு சீறித் தெறித்து உடலைப் பொசுக்கும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடியால் மூடுங்கள். குழந்தைகளை அடுப்பண்டை விடாதீர்கள். நம் நாட்டில் சரிந்துவிழும் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குகளால் எரிகாயமுற்றோர் பலர். அதனைக் கண்டு, சரியாத 'சுதீப' விளக்கை ஆக்கிய சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர அவர்கள் 1998 ஆம் ஆண்டில் உறோலெக்ஸ் விருது பெற்றார். மெழுகுதிரியும் தீயே. அதனை மணல் பரப்பிய தட்டில் நிறுத்தி, உறங்குமுன் அணைத்துவிடுங்கள்.

விற்பவர்கள் கடை மெழுகைக் கலந்து, 'தூய தேன்மெழுகு' என்று விற்கலாகாது. ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை உங்கள் தேனையும் ஐயுறுவர்.

அத்தாயார் அடுத்த பருவத்தில் வார்த்த திரிகளை அயலிலுள்ள தேவாலயத்துக்குக் கொடுத்தார். சப்பாத்து ஒரு வருடம் பிந்தியே வந்தது. உங்கள் வீட்டில் அது பிந்தாதிருக்கட்டும். அடுத்தமுறை தேனெடுக்கும்போது வதையை எறியுமுன் பாத்திரமொன்றைத் தேடி எடுங்கள். ஐயமிருப்பின், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுங்கள்.