தாய் நலமும் கடன் நாணயமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி என்பதை நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் பருத்திக்காட்டிலும் கம்பங்கொல்லையிலும் கூலி உண்டு. மழை பொய்த்தால் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவதே துணை. இவ்விரு காலத்திலும் நம் குடும்பங்களைத் தாங்கி நிற்பதில் பெண்களின் உழைப்பு ஆண்களின் உழைப்புக்குக் குறைந்ததன்று. ஆகவே ஒரு தாயின் உடல்நலத்துக்கும் வங்கிக் கடனுக்கும் உள்ள உறவைப் பற்றி இன்று சிந்திப்போம்.

1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. 1977இல் பாண்டியன் கிராம வங்கி தொடங்கப்பட்டது. 2019இல் அது பல்லவன் கிராம வங்கியுடன் இணைந்து தமிழ்நாடு கிராம வங்கியாயிற்று. 1992இல் நபார்டு வங்கி மகளிர் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நிலமும் நகையும் இல்லாத நம் பெண்களுக்கும் ஈடின்றிக் கடன் கிடைத்தது. ஈடில்லை என்று ஏட்டில் எழுதினாலும், உண்மையில் ஈடாக நிற்பது அவர்களுடைய உழைக்கும் உடலே. உடல் தளர்ந்தால் தவணையும் தளரும்.

கடனுக்கு வரும் இடரைப் பொருளியலார் இருவகையாகப் பிரிப்பர். வறட்சி பொது இடர். அது எல்லா வீட்டையும் ஒரே நேரத்தில் தாக்கும். அப்போது குழு உறுப்பினர் ஒருவருக்கொருவர் கைகொடுக்க இயலாது. மகப்பேறு தனி இடர். இருபது பேர் கொண்ட குழுவில் அனைவருக்கும் ஒரே மாதத்தில் பேறுகாலம் வருவதில்லை. அதுமட்டுமன்று, மழை என்று பொய்க்கும் என்று அறியோம். பேறுகாலம் எந்த மாதம் என்பதை முன்னரே அறிவோம். அறிந்த செலவுக்கு ஆயத்தம் செய்யாமல் இருப்பது நம் குறையன்றோ?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத் தவணை 500 ரூபாய் என்று கொள்வோம். பேற்றுக்கு முன்னும் பின்னுமாக 20 வாரம் ஒரு தாய் வேலைக்குப் போகவில்லையெனில், தவணைக்கு மட்டும் 10,000 ரூபாய் வேண்டும். அது இல்லாதபோது கடனில் வாங்கிய ஆட்டை விற்பாள், அல்லது வட்டிக்காரரிடம் போவாள், அல்லது பச்சை உடம்போடு காட்டு வேலைக்குப் போவாள். மூன்றாவது வழியில் வங்கியின் கணக்கு நேராகும். தாயின் உடல் கெடும். அடுத்த கடனைச் சுமப்பதும் அதே உடல்தானே! கடன் கொடுக்கும் வங்கியில் பணிபுரியும் பெண்ணுக்கு முதல் இரு பேறுகளுக்கும் 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. கடன் வாங்கும் கூலிப் பெண்ணுக்கு அத்தகைய விடுப்பு இல்லை.

பொருளியலார் கெர்ட்லர், குரூபர் ஆகிய இருவரும் இந்தோனேசியக் குடும்பங்களை ஆராய்ந்து 2002இல் ஒரு முடிவை வெளியிட்டனர். சிறு நோயைக் குடும்பங்கள் தாமே சமாளித்துக்கொள்கின்றன. உடலை முடக்கும் பெருநோயால் வரும் இழப்பில் பெரும்பகுதியை அவற்றால் தாங்க முடிவதில்லை என்பதே அது. தவணை தவறியவரையெல்லாம் நாணயம் கெட்டவர் என்று தூற்றுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த உண்மையை அண்ணல் அம்பேத்கர் முன்னரே கண்டார். லண்டனில் பொருளியல் பயின்று ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923இல் நூல் வெளியிட்ட அப்பேரறிஞர், 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேற்று உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்தில் தாய்க்கு ஓய்வளிப்பது நாட்டின் நலனே என்றும், அதன் சுமையில் பெரும்பகுதியை அரசு ஏற்பதே முறை என்றும் வாதிட்டார். தமிழ்நாட்டில் 1987இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் மகப்பேறு நிதியுதவித் திட்டம் வந்தது. 2006இல் 6,000 ரூபாயாகவும், 2018இல் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாயாகவும் உதவி உயர்ந்தது. நம் மாநிலத்தில் உயிருடன் பிறக்கும் ஓர் இலட்சம் குழந்தைகளுக்கு 2001-03இல் 134 ஆக இருந்த தாய்மார் இறப்பு, 2018-20இல் 54 ஆகக் குறைந்தது. ஆயினும் பிழைத்த தாயின் கடன்சுமையை இந்த எண் காட்டாது.

நாம் செய்யத்தக்கது என்ன? இருபது பேர் வாரம் பத்து ரூபாய் ஒதுக்கினால் ஆண்டுக்கு 10,400 ரூபாய் சேரும். மேலே கண்ட தாயின் 20 வாரத் தவணையை அது அடைத்துவிடும். ஆண்டில் இரண்டு மூன்று பேறு வருமெனில் ஒதுக்கும் தொகையை அதற்கேற்பக் கூட்டுவோம். பேறுகால மாதங்களில் தவணையைத் தள்ளிவைக்குமாறு கடன் பெறும்போதே வங்கியிடம் எழுத்தில் கேட்போம். குழந்தை பெறும் வயதென்று அஞ்சி இளம்பெண் எவரையும் குழுவிலிருந்து விலக்காதிருப்போம். பெருங்கேடு நேர்ந்தால் அது நம் கையிருப்புக்கு அடங்காது. அங்கே அரசு மருத்துவமனையும் அரசுக் காப்பீடுமே துணை. அவற்றைச் சலுகையாக இரக்காமல் உரிமையாகக் கேட்போம்.

இளைஞர்களே! கருவுற்றதும் செவிலியரிடம் பதிவு செய்யவும், உதவித்தொகை மனுவை நிரப்பவும் உங்கள் தெருத் தாய்மார்களுக்குத் துணை நில்லுங்கள். உங்களில் சிலர் செவிலியராகவும், சிலர் வங்கி அலுவலராகவும், சிலர் பொருளியல் ஆய்வாளராகவும் வருக! அன்று கடன் மேசைக்கு அப்பால் அமரும்போது, இப்பால் நிற்கும் தாயின் வலியை அறிந்தவராக இருங்கள். இக்கழகம் இருபத்தைந்தாண்டு ஏற்றிய கல்வி விளக்குக்கு அதுவே தக்க நன்றிக்கடன்.